முழங்கால் நோவுக்குச் சத்திரசிகிச்சைதான் முடிவா?

உணவகங்களின் சமையற்கட்டுகளில் நாள் முழுதும் நின்றபடி கோப்பை கழுவுபவர்கள், பின்னிரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்பவர்கள், மின்தூக்கியற்ற கட்டடங்களின் நான்காம் மாடிக்கு அரிசிமூட்டை சுமப்பவர்கள் என எம்மவரின் புலம்பெயர் வாழ்வைத் தாங்கி நிற்பவை முழங்கால்களே. ஐம்பதைக் கடந்தவர்கள் கூடுமிடங்களில், விசாவுக்கு அடுத்தபடியாகப் பேசப்படுவதும் முழங்கால் நோவுதான். அப்பேச்சு பெரும்பாலும் இரு தீர்ப்புகளில் முடிகிறது. ஒன்று, 'வயது போனால் அப்படித்தான்'. மற்றையது, 'வெட்டித்தான் ஆகவேண்டும்'. இரண்டுமே அவசரத் தீர்ப்புகள் என்பதே எமது கருத்து.

மூட்டுத்தேய்வு வாதம் எனப்படும் இந்நோயுடன் 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் 52 கோடியே 80 இலட்சம் பேர் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் பத்துக்கு ஆறு பேர் பெண்கள். அதிகம் பாதிக்கப்படும் மூட்டு முழங்கால்.

ஓய்வு மருந்தாகாது

எலும்புகளின் முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. கால் அசையும்போது அது கடற்பஞ்சு போல அமுங்கி விரிந்து, மூட்டிலுள்ள திரவத்திலிருந்தே ஊட்டத்தைப் பெறுகிறது. நோவுக்கு அஞ்சிக் கட்டிலே கதியென்று கிடப்பவருக்கு இவ்வூட்டம் குறைகிறது. தொடைத் தசைகளும் மெலிகின்றன. தசை மெலிய, மூட்டின்மீது சுமை கூடுகிறது, நோவும் கூடுகிறது.

எம்மவர் பலரும் தஞ்சமடைந்த டென்மார்க்கில் 2013ஆம் ஆண்டு 'கிளாட்' என்னும் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. நோயைப் பற்றிய விளக்கமும், வாரம் இருமுறையாகப் பன்னிரண்டு பயிற்சி வகுப்புகளுமே அதன் உள்ளடக்கம். கனடா, அவுஸ்திரேலியா, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளுக்கும் அது பரவியுள்ளது.

அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு கிடைக்காதவர்களும் வீட்டிலேயே தொடங்கலாம். ஒரு கதிரை போதும். அதில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து வினாடி நிறுத்தி, மெல்ல இறக்குக. பத்துத் தடவை செய்தபின் மறுகாலுக்கு மாறுக. பின்னர் கைகளை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழுந்து அமர்க. பயிற்சியின்போது சிறிது நோவு இருப்பது ஆபத்தன்று. மறுநாளும் நோவு கூடியிருந்தால் அளவைக் குறைக்கவேண்டும், நிறுத்தவேண்டியதில்லை. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் செல்லலாம்.

எடையும் குளிசையும்

உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. இராச் சோற்றைக் குறைப்பதும் முழங்கால் வைத்தியமே. கைத்தடி பிடிப்பவர்கள் நோவுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கவேண்டும்.

நோவுக்கு முதலில் நாடத்தக்கது டைக்குளோபெனாக் போன்ற பூச்சு மருந்து. அதே மருந்தைக் குளிசையாக ஊரிலிருந்து தருவித்து மாதக்கணக்கில் விழுங்குவது இரைப்பையில் புண்ணையும், சிறுநீரகத்துக்கும் இருதயத்துக்கும் கேட்டையும் விளைவிக்கலாம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் அதைத் தொடவே கூடாது. குளுக்கோசமீன் மாத்திரைகளைப் பிரித்தானியாவின் 2022ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டி பரிந்துரைக்கவில்லை. அதற்குச் செலவிடும் பணத்தில் நல்ல சப்பாத்து வாங்கலாம்.

சத்திரசிகிச்சையை நாம் பழிக்கவில்லை. இவையனைத்தும் செய்தும் உறக்கம் கெட்டு, நடை முடங்கியவர்களுக்கு மூட்டுமாற்றுச் சிகிச்சை பெரும் பேறு. ஆனால் சிறு துளையிட்டு மூட்டைக் கழுவும் சிகிச்சை, போலிச் சிகிச்சையைவிட மேலானதன்று என அமெரிக்காவின் கூஸ்ரன் நகரில் நடந்த ஆய்வொன்று 2002இலேயே காட்டிவிட்டது.

வைத்தியரிடம் பேசும் முறை

'நோகுது' என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு குளிசைச் சீட்டே. எத்தனை நிமிடம் நடக்கமுடிகிறது, எத்தனை படி ஏறமுடிகிறது, இரவில் எத்தனை தடவை விழிப்பு வருகிறது என்பவற்றைச் சொல்லுங்கள். உடற்பயிற்சி வைத்தியரிடம் அனுப்பும்படி கேளுங்கள். பள்ளிப் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லாமல், மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். மூட்டு திடீரெனச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் கண்டால் அன்றே வைத்தியரை நாடவேண்டும். காலை விறைப்பு ஒரு மணிநேரத்துக்கு மேல் நீடித்தால் அது வேறுவகை வாதமாக இருக்கலாம். அதையும் தவறாமல் தெரிவியுங்கள்.

தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளராது. ஆனால் அதைத் தாங்கும் தசையை எழுபது வயதிலும் வளர்க்கலாம். அந்த வைத்தியம் எமது கைகளிலேயே உள்ளது.