பார்க்க வருகிறவர்கள் ஒரு ராத்திரி தங்கலாமே

தென்னையிலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவருக்குக் கோவையில் வைத்தியத்துக்குக் குறைவில்லை. மேட்டுப்பாளையம் சாலை கங்கா மருத்துவமனைக்கு வெளிமாநிலத்தாரும் வருகிறார்கள். தையல் பிரித்து, பொள்ளாச்சிப் பக்கமோ கோபிப் பக்கமோ வீடு வந்து சேர்ந்த பிறகுதான் பாடு. ஒரு மாதம் சொந்தபந்தம் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்துபோகும். "எப்படி இருந்த பையன்" என்று அவர் காதுபடவே சொல்லும். பிறகு எல்லாம் மனைவி தலையில், இல்லையென்றால் தாய் தலையில்.

உணர்ச்சியில்லாத உடம்பைப் படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும், ராத்திரியிலும். வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் தினமும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை அழுத்தி எடுத்தும் வெளுக்கவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடும் கெட்டிப்பும்தான் விரலுக்குத் தெரியும். அங்கே எண்ணெய் விட்டுத் தேய்க்கக் கூடாது. நம் வீடுகளில் முதலில் செய்வதே அதைத்தான்! நடுநெஞ்சுக்கு மேல் அடிபட்டவருக்குத் திடீரென மண்டைவலியும் முகத்தில் வியர்வையும் வந்தால், ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று கொள்ளுங்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுநீர்க்குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

இத்தனையும் ஒரே ஆள் எத்தனை வருடம் செய்வார்? "ஏனுங் மாமா, சனிக்கிழமை ராத்திரி மட்டும் நீங்க பாத்துக்கறீங்ளா?" என்று எந்த மருமகளும் வாய்விட்டுக் கேட்கமாட்டாள். திருப்பூரில் இருக்கும் தம்பிதான் தானாக முறை வைத்துக்கொண்டு வரவேண்டும். வருவதற்கு முன் திருப்பிப் போடவும் குழாய் பார்க்கவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

வர முடியாத உறவினர் காகிதவேலையை எடுத்துக்கொள்ளலாம். தேசிய அடையாள அட்டை, மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, அதிக உதவி தேவைப்படுவோரின் உதவியாளருக்கான 1,000 ரூபாய், இவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் போகவேண்டும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

அடிபட்டவரிடம் கேட்க வேண்டியதை மனைவியிடம் கேட்காதீர்கள். கால்தான் ஓடவில்லை, தேங்காய் விலை பேசவும் கூலிக்கணக்கு பார்க்கவும் அவருக்கு என்ன தடை? வாசல்படி ஓரடி உயரமென்றால் சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். எங்கே ஆரம்பிப்பது என்பதையும் அவரே சொல்லட்டும். சக்கர நாற்காலியில் ஏறப்போவது அவர்தானே.