குடுவை இல்லாத இரசாயனக் கூடம்

தோட்டத்துப் பெற்றோர்களே! பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிக்கும் உங்கள் மகள், விடுமுறையில் இரண்டு மாதம் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் பயிற்சிக்குப் போவதாகச் சொன்னால் மகிழ்வீர்கள். “அங்கே என்னம்மா வேலை?” என்று கேட்கிறீர்கள். “கணினி முன் உட்கார்ந்து கணக்குப் போடுவதுதான், அப்பா” என்கிறாள். குடுவையும் இல்லை, திராவகமும் இல்லை! கடையில் வேலைக்கு நின்றாலாவது நாலு வெள்ளி கிடைக்குமே என்று தோன்றுவது இயல்பே. ஆனாலும் சற்றுப் பொறுங்கள்.

இதற்குக் கோட்பாட்டு இரசாயனம் என்று பெயர். அணுக்கள் எப்படிச் சேரும், எப்படிப் பிரியும் என்பதைக் கணக்கினால் அறியும் விஞ்ஞானம் இது.

நம் முன்னோர் விடியுமுன் எழுந்து மரம் சீவி, மங்கில் எடுத்த கித்தாப் பாலையே பாருங்கள். ரப்பரை இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது. ஏன்? அதற்குள் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள், கலைந்த நூல்போல் சுருண்டு, ஓயாமல் அசைந்துகொண்டிருக்கின்றன. சுருண்டு கிடக்க அவற்றுக்கு எண்ணற்ற வழிகள் உண்டு. நேராக நீண்டு நிற்கச் சில வழிகளே. அதனால்தான் விட்டதும் சுருள்கின்றன. 1930களில் வெர்னர் கூன் முதலிய அறிஞர்கள் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். சங்கிலி மூலக்கூறுகளை ஆராய்ந்த பால் ஃபுளோரிக்கு 1974இல் நோபல் பரிசு கிடைத்தது. தடித்த ரப்பர் வளையம் ஒன்றைச் சட்டென இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள், இளஞ்சூடு தெரியும். இதையும் அந்தக் கணக்கு விளக்குகிறது.

சென்னையிலும் இத்தகைய பணி நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன், தம் மாணவர்களான சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். நம் உடலிலுள்ள புரதச் சங்கிலி, அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும்? மேசைக் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு பொறுமையாகக் கணக்கிட்டு, 1963இல் விடையை வெளியிட்டார்கள். ‘இராமச்சந்திரன் வரைபடம்’ என்னும் அதைக் கொண்டுதான் இன்றும் உலகெங்கும் புரத வடிவங்களைச் சரிபார்க்கிறார்கள்.

சரி, பயிற்சிக்குப் போகும் பிள்ளை என்ன செய்யும்? முதலில் விடை தெரிந்த கணக்கைக் கொடுப்பார்கள். தண்ணீர் மூலக்கூறின் கோணம் 104.5 பாகை. பிள்ளை போட்ட கணக்கு அதற்கு அருகே வருகிறதா? வராவிட்டால் பிழை எங்கே? தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகுதான் விடை தெரியாத கேள்வி கைக்கு வரும். சில கணக்குகளைக் கணினி முடிக்கவே பல மணி நேரம், சில நாள்கூட ஆகும். பொறுமையும் நேர்மையும் இங்கே கற்கும் முதற்பாடங்கள்.

இந்தியாவில் பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் விஞ்ஞான ஆய்வு மையம், கல்லூரி மாணவர்களுக்கு உதவித்தொகையோடு இரண்டு மாதக் கோடைப் பயிற்சி அளிக்கிறது. நமக்கு அருகிலும் வழி இல்லாமல் இல்லை. சுங்காயிலிருந்து பீடோர், தாப்பா தாண்டினால் கம்பார். அங்கே 2007 முதல் யுடார் பல்கலைக்கழக வளாகம் இயங்குகிறது. இரசாயனப் பட்டப்படிப்பும் உண்டு. பிள்ளை எங்கே படித்தாலும், இத்தகைய பயிற்சிக்கு வழி உண்டா என்று தன் விரிவுரையாளரிடம் கேட்கட்டும்.

அனுப்புமுன் நீங்களும் நான்கு கேள்விகள் கேளுங்கள். மேற்பார்வை யார்? தங்க இடம் உண்டா? சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் எவ்வளவு ஆகும்? உதவித்தொகை உண்டா? இவற்றைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

கடை வேலையின் சம்பளம் அந்த மாதமே கைக்கு வரும்; வீட்டுக்கு அது தேவையும்தான். ஆய்வுக்கூடத்தின் பலன் தாமதமாக வரும். மேற்படிப்புக்கு மனுப் போடும் நாளில், பிள்ளையின் உழைப்பை நேரில் கண்ட பேராசிரியர் ஒருவர் சான்றுக் கடிதம் எழுதிக் கொடுப்பார். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து, பிள்ளையையும் அருகில் உட்கார வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.