கால் ஊன்றாத பந்தயம்

மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றதும் வேகம்தானே உங்கள் நினைவுக்கு வரும்? 'டிரயல்ஸ்' என்ற போட்டியில் வேகத்துக்கு வேலையே இல்லை. பாறையிலும் ஓடையிலும் சேற்று மேட்டிலும் கால் ஊன்றாமல் வண்டியை ஏற்ற வேண்டும். ஒரு முறை ஊன்றினால் 1 புள்ளி தண்டம், விழுந்தால் 5. குறைந்த புள்ளி வாங்கியவரே வெற்றி வீரர்! 1965இல் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டியில் சாமி மில்லர் ஸ்பெயின் நாட்டுப் புல்டாகோவில் வென்றார். அதன்பின் கனத்த பிரிட்டிஷ் வண்டிகள் ஒதுங்கின. இலேசான டூ ஸ்ட்ரோக் வண்டிகள் வந்தன.

அப்படிப்பட்ட பழைய வண்டி ஒன்றை வாங்க ஆசையா? விலை பேசுமுன் ஓட்டிப் பார்த்து, பிளக்கைக் கழற்றுங்கள். காப்பித்தூள் நிறமா, நல்லது. கறுத்து ஈரமாக இருந்தாலும் பயம் வேண்டாம். மெதுவாகவே ஓடுகிற வண்டியில் எண்ணெய் படியத்தான் செய்யும். துடைத்துப் போடலாம். வெள்ளையாக வெளுத்திருந்தால்தான் ஆபத்து. கார்புரேட்டரில் அடைப்போ, எங்கோ காற்றுக் கசிவோ இருக்கலாம். பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெயும் அப்போது குறைந்துவிடும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். அந்தச் செலவு உங்கள் சேமிப்பைக் கரைத்துவிடும், ஜாக்கிரதை!

பின் டயருக்கு 5 பவுண்டு காற்று போதும். பாறையை உடும்பாகப் பற்றும். அதே காற்றோடு தார்ச்சாலையில் ஏறிவிடாதீர்கள். வளைவில் டயர் நெளிந்து ஆளையே தள்ளிவிடும். பையில் மாற்றுப் பிளக்கும் கைப்பம்பும் எப்போதும் இருக்கட்டும்.