மூக்கு மட்டுமே உள்ள முகங்கள்

கிரேக்கச் சிற்பம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை எவை? தசை முறுக்கேறிய வீரர்கள். மடிப்பு மடிப்பாக ஆடை உடுத்த தேவதைகள். அந்த எண்ணத்தோடு ஏதென்ஸ் நகரிலுள்ள சைக்ளாடிக் கலை அருங்காட்சியகத்தில் நுழைபவர் சற்றுத் திகைத்துத்தான் போவார். கண்ணாடிப் பேழைகளுக்குள் இருப்பவை வெண்ணிறச் சலவைக்கல் பாவைகள். பெரும்பாலானவை பெண் உருவங்கள். வயிற்றின்மேல் கைகளை மடக்கி வைத்திருக்கின்றன. முகத்தில் கண் இல்லை, வாய் இல்லை. மூக்கு மட்டும் உண்டு. ஏதென்ஸின் புகழ்பெற்ற பார்த்தினான் கோயிலைவிட இவை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் மூத்தவை!

ஈஜியன் கடலில் டீலோஸ் தீவைச் சுற்றி வட்டமாக அமைந்துள்ள தீவுக் கூட்டமே சைக்ளடீஸ். வட்டம் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. கி.மு. 3200 முதல் கி.மு. 2000 வரை இங்கு வாழ்ந்த மக்கள் இப்பாவைகளைச் செய்தனர்.

இரும்பை அறியாத காலம் அது. அப்படியிருக்கச் சலவைக்கல்லை எப்படிச் செதுக்கினார்கள்? விடை நாக்சோஸ் தீவில் இருக்கிறது. அங்கு எமரி என்னும் கல் மிகுதியாகக் கிடைக்கிறது. எமரி என்பது குருந்தமும் இரும்புத் தாதுவும் கலந்தது. (ஆங்கிலத்தில் வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயரே நம் ‘குருந்தம்’தான்.) கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் குருந்தம் 9, சலவைக்கல்லிலுள்ள கால்சைட் 3. எனவே எமரியால் தேய்க்கத் தேய்க்கச் சலவைக்கல் கரைந்து உருப்பெறும். இவற்றைச் செதுக்கினார்கள் என்பதைவிடத் தேய்த்தார்கள் என்பதே பொருத்தம். பாவைகளின் மழமழப்புக்கும் எளிய கோடுகளுக்கும் இதுவும் ஒரு காரணமாகலாம்.

முகம் வெறுமையாக இருப்பதும் உண்மையில் வெறுமை அன்று. புற ஊதாக் கதிர்களைப் பாய்ச்சியும், விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தும் ஆராய்ந்தபோது கண்களும் புருவங்களும் வெளிப்பட்டன. செம்புச் சேர்மமான அசுரைட் நீல வண்ணத்தையும், பாதரசச் சேர்மமான சாதிலிங்கம் சிவப்பையும் தந்திருக்கின்றன. வண்ணம் உதிர்ந்த பிறகும், அது மூடியிருந்த இடம் மட்டும் அரிமானத்துக்குத் தப்பிச் சிறிது மேடாக நிற்கிறது. பிக்காசோ, ஹென்றி மூர் போன்ற கலைஞர்கள் வியந்து பார்த்த தூய வெண்மை, காலம் செய்த வேலை!

இங்குள்ள மிகப் பெரிய உருவத்தின் உயரம் 1.40 மீட்டர். அதன் பாதங்களைக் கவனியுங்கள். விரல்கள் கீழ்நோக்கிச் சரிந்துள்ளன. தானாக நிற்க முடியாது. படுக்க வைத்தார்களா, சாய்த்து வைத்தார்களா? பாவைகள் பல கல்லறைகளில் கிடைத்துள்ளன. ஆனால் அவை எதைக் குறித்தன என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

புதிர் நீடிப்பதற்குத் திருட்டும் ஒரு காரணம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவற்றுக்கு விலை ஏறியதும், 1950களிலும் 60களிலும் கல்லறைகளைத் திருடர்கள் தோண்டினார்கள். இன்று உலகிலுள்ள சைக்ளாடிக் பாவைகளுள் பெரும்பாலானவை எந்தக் குழியிலிருந்து வந்தவை என்றே தெரியாது. இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். மரக்கரியின் வயதைக் கார்பன் முறையால் கணிக்கலாம். சலவைக்கல்லில் அது செல்லாது. கல்லின் வயது தெரிந்தாலும் அது மலையின் வயதே தவிர, சிற்பியின் காலம் அன்று. அருகிலிருந்த மண்பாண்டமும் எலும்பும் கரியுமே சிற்பத்துக்குச் சாட்சி. திருடன் பாவையை எடுத்துக்கொண்டு சாட்சிகளைக் கலைத்துவிடுகிறான். பிறகு, போலி எது, அசல் எது என்று சொல்வதும் கடினமாகிறது.

சாட்சி கலையாத இடம் எவ்வளவு பேசும் என்பதற்குக் கேரோஸ் தீவு ஓர் எடுத்துக்காட்டு. அத்தீவின் ஒரு பகுதியைத் திருடர்கள் முன்பே சூறையாடியிருந்தார்கள். கேம்பிரிட்ஜ் அறிஞர் காலின் ரென்ஃப்ரூ குழுவினர் 2006 முதல் 2008 வரை நடத்திய அகழாய்வில், அவர்கள் கைபடாத இன்னொரு குவியல் கிடைத்தது. நூற்றுக்கணக்கான பாவைகள், அத்தனையும் உடைந்த துண்டுகள்! உடைக்கும்போது சிதறும் சில்லுகள் அங்கில்லை. ஆகவே வேறு தீவுகளில் வேண்டுமென்றே உடைத்து, ஒரு துண்டை மட்டும் படகில் கொண்டுவந்து புதைத்திருக்கிறார்கள். அத்துண்டுகளுள் ஒன்றோடொன்று பொருந்துபவை மிகச் சிலவே.