மேஜை மேல ஒரு கோட்டை!

பாலவாக்கம் வழியா ஈ.சி.ஆர்.ல பறக்கிற பாண்டிச்சேரி பஸ்ஸை தினமும் பார்க்கிறீங்க இல்லையா? அடுத்த லீவுல அதுல ஏறிடுங்க. ஆனா, பாண்டி வரைக்கும் டிக்கெட் வேண்டாம். மாமல்லபுரம் தாண்டி சுமார் 50 கி.மீ. போனா கடப்பாக்கம். அங்கே இறங்கி கடல் பக்கம் நடையைக் கட்டினா ஆலம்பரைக் கோட்டை. கையில ஒரு நீள டேப், நோட்டு, கேமரா இருந்தா போதும். அந்தக் கோட்டையை அப்படியே உங்க மேஜைக்குக் கொண்டுவந்துடலாம். ஸ்கேல் மாடல் பாஸ்!

ஏன் ஆலம்பரை? அது ஒரு எல்லைக் கதை. 18-ம் நூற்றாண்டில் நவாப் தோஸ்த் அலிகான் கையில் இருந்த கோட்டை, 1750-ல் பிரெஞ்சுக்காரர் டூப்ளேவுக்குப் போனது. வடக்கே ஆங்கிலேயரின் மெட்ராஸ், தெற்கே பிரெஞ்சுக்காரரின் பாண்டிச்சேரி. நடுவில் மாட்டிய கோட்டை சும்மா தப்புமா? 1760-ல் ஆங்கிலேயர்கள் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். மிச்சத்தை 2004 சுனாமி பதம் பார்த்தது. இன்னிக்கு நிக்கிற சுவர் நாளைக்கும் நிக்கும்னு கடல் யாருக்கும் கையெழுத்துப் போட்டுத் தரலை. அதனால நீங்க எடுக்கிற அளவு வெறும் விளையாட்டு இல்லை, ஆவணம்.

முதல்ல ஸ்கேலை முடிவு பண்ணுங்க. கோட்டை சுமார் 15 ஏக்கர். சதுரமா நினைச்சா ஒரு பக்கம் ஏறக்குறைய 246 மீட்டர். 1:72-ல கட்டினா மூணரை மீட்டர் வரும். அப்புறம் ஹாஸ்டல் ரூம்ல நீங்க வராந்தாவுலதான் படுக்கணும்! 1:500-ல கட்டினா அரை மீட்டர். கச்சிதம். ஆனா, அதில் மனுஷன் அரை அரிசி சைஸ்தான் இருப்பான். எனவே முழுக் கோட்டை 1:500, பிடிச்ச ஒரு மூலை மட்டும் 1:100. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா செம லுக்!

அடுத்து அளவு. சுவர் நீளத்தை மட்டும் அளந்தா போதாது. மூலைக்கு மூலை குறுக்காவும் அளக்கணும். அப்பதான் கோணம் தப்பாது. உயரத்துக்கு சுவர் மேல ஏறாதீங்க. அது பாதுகாக்கப்பட்ட சின்னம், ஒரு செங்கல்லைக்கூட பெயர்க்கக் கூடாது. அதுக்கு நிழல் இருக்கே! ஒரு மீட்டர் குச்சியை நட்டு வையுங்க. குச்சி நிழல் 60 செ.மீ., அதே நேரம் சுவர் நிழல் 3 மீட்டர்னா, சுவர் உயரம் 5 மீட்டர். எட்டாம் கிளாஸ் கணக்கு கடைசியில உதவிடுச்சு பார்த்தீங்களா!

வீட்டுக்கு வந்தா சன் போர்டு, பிளேடு, ஃபெவிகால். 5 மி.மீ. போர்டு 1:100-ல அரை மீட்டர் தடிமன் சுவர். தரைக்கு பாலவாக்கம் பீச் மணலையே சலிச்சு, உப்பு போக நல்ல தண்ணியில அலசிக் காயவைங்க.

இப்பதான் முக்கியமான கேள்வி. இடிஞ்சுபோன பாகத்தை என்ன பண்றது? ஜெர்மனியில் சால்பர்க்னு ஒரு கோட்டை. ரோமானியர்கள் சுமார் 550 கி.மீ. நீளத்துக்குப் போட்ட எல்லைக் கோட்டைக் காவல் காத்தது. இடிபாடா கிடந்ததை மன்னர் இரண்டாம் வில்ஹெல்ம் ஆதரவில் 1897-ல் ஆரம்பித்து, நிஜ அளவிலேயே திரும்பக் கட்டினார்கள். பிரமாண்டம்தான். ஆனா, ரோமானியர் காலத்தில் அந்தக் கல் சுவருக்கு வெளியே பூச்சு இருந்ததுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. இப்போ நிக்கிறதோ வெறும் கல். பார்க்கிறவங்க அதுதான் நிஜம்னு நினைச்சுட்டுப் போறாங்க.

கல்லுல கட்டினா மாத்துறது கஷ்டம். அட்டையில சுலபம். அதனால ஒரே ஒரு விதி வெச்சுக்குங்க. நீங்க கண்ணால பார்த்து அளந்த பாகத்துக்கு மட்டும் செங்கல் கலர். ஊகிச்சுக் கட்டின பாகம் பெயின்ட் இல்லாம வெள்ளையாவே இருக்கட்டும். அளவு எடுத்த தேதியை அடிப்பலகையில எழுதுங்க. நோட்டை ஜெராக்ஸ் எடுத்து உங்க காலேஜ் லைப்ரரியில கொடுங்க.

பத்து வருஷம் கழிச்சு ஒரு ஜூனியர் அதே டேப்போட அங்கே போவான். எந்தச் சுவர் மிச்சம், எது கடலுக்குப் போச்சுன்னு அவனுக்கு உங்க நோட்டுதான் சொல்லணும். டேப்பை எடுங்க!