நெடுவழிச் சைக்கிள் ஓட்டம்

பந்தயம் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே, முந்துவோன் ஒருவன், பிந்துவோர் பலர் என்னும் எண்ணமே நம் உள்ளத்தில் எழுவது இயல்பு. ஆயின், முதல்வன் இன்னான் என அறிவியாமலும், பரிசுப் பணம் யாதொன்றும் வழங்காமலும், ஆயிரக்கணக்கான மக்களை ஊணும் உறக்கமும் குறைத்து இரவும் பகலும் சாலையிற் செலுத்தும் ஓட்டம் ஒன்று உலகில் உண்டெனின், அஃது எங்ஙனம் என அன்பர்கள் வியத்தல் கூடும். அத்தகைய ஓட்டத்தின் வரலாற்றையும், விதிகளையும், அதனுள் அடங்கிய சில இயற்கை உண்மைகளையும் ஈண்டுச் சுருக்கமாக விளக்க முற்படுகின்றோம். அவ்வகை ஓட்டங்களுள் மிகச் சிறியதொன்றில் யாமும் சென்ற ஆடித் திங்களிற் கலந்துகொண்டோமாதலின், படிப்பறிவோடு பட்டறிவையும் சிறிது சேர்த்துக் கூறத் துணிந்தோம்.

இவ்வோட்டத்தின் பிறப்பிடம் பிரான்சு தேசம். 1891-ஆம் ஆண்டில், 'லெ பெத்தி ழூர்னால்' என்னும் பாரிஸ் நாளிதழின் ஆசிரியராகிய பியேர் ழிஃபார் என்பார், பாரிஸ் நகரினின்றும் புறப்பட்டு, அந்நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள பிரெஸ்ட் துறைமுகத்தை அடைந்து மீளும், ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயம் ஒன்றை ஏற்படுத்தினார். சைக்கிள் என்பது சிறிது பொழுது விளையாடிக் கழித்தற்குரிய கருவி மட்டுமன்று, நெடும் பயணத்துக்கும் உரியதே என நாட்டவர்க்குக் காட்டுதல் அவர் கருத்து. இடைவழியில் வண்டியை மாற்றிக்கொள்ளாதவாறு ஒவ்வொரு வண்டிக்கும் முத்திரையிடப்பட்டது. இருநூற்றுக்கு மேற்பட்டோர் புறப்பட்டனர். ஏறத்தாழப் பாதிப் பேரே பாரிஸ் மீண்டனர்.

முதல்வராய் மீண்டவர் ஷார்ல் தெர்ரோன். அவர் எடுத்துக்கொண்ட காலம் 71 மணி 22 நிமிடம். அத்துணை நேரமும் அவர் உறங்கிற்றிலர். அவர்க்கு எதிரியாய் நின்ற ழியேல்-லவால் என்பார் பிரெஸ்ட் நகரை முன்னதாக அடைந்தும், மீளும் வழியிற் கேங்காம் என்னும் ஊரிற் சிறிது கண்ணயர்ந்தார். அவ்வமயம் பார்த்துத் தெர்ரோன் அவ்வூரைக் கடந்து சென்று முன்னிடம் பற்றினார். அவர் வண்டியிற் பூட்டப்பட்டிருந்தது, கழற்றி மாட்டக்கூடிய மிஷ்லென் காற்றுச் சக்கரம். ஆகவே அவர் வெற்றி, அக்கருவிக்கும் பெரியதொரு விளம்பரமாயிற்று. உறங்குவோனைக் கடந்து செல்லுதல் முறையோ எனின், அப்பந்தயத்தின் விதிப்படி முறையே. ஆயினும் இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றோம்; பின்னர் இதனிடம் மீள்வோம்.

தொழில்முறை வீரர்க்குரிய அப்பந்தயம் தொடக்கத்திற் பத்தாண்டுக்கு ஒருமுறை நிகழ்ந்தது. 1931-இல் ஆஸ்திரேலியராகிய ஹூபர்ட் ஆப்பர்மன் 49 மணி 23 நிமிடத்தில் முடித்து வெற்றி பெற்றார். 1951-க்குப் பின் தொழில்முறைப் பந்தயம் நின்றுபோயிற்று. ஆனால் 1931-ஆம் ஆண்டிலேயே, பரிசு கருதாது பயணஞ் செய்யும் பொதுமக்களும் அவ்வழியில் ஓட்டத் தொடங்கியிருந்தனர். அவ்வழக்கமே நிலைபெற்றது. இப்பொழுது அஃது, 1904-இல் தோன்றிய 'ஒடாக்ஸ் க்ளப் பாரிசியன்' என்னும் சங்கத்தாரால் நான்காண்டுக்கு ஒருமுறை நடத்தப்படுகின்றது. 2023-இல் பாரிஸுக்கு அருகிலுள்ள ராம்புயே என்னும் ஊரினின்றும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் புறப்பட்டனர். அவருள் நம் இந்தியரும் பலர். வழிநெடுகக் கிராமத்தார் தம் வாயிலில் மேசையிட்டு, நள்ளிரவிலும் நீரும் காப்பியும் உண்டியும் அளித்து உபசரிப்பர்.

இனி விதிகளைக் காண்போம். பிரெஸ்ட் ஓட்டத்திற் சேர விரும்புவோர், அவ்வாண்டில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் ஆகிய நான்கு ஓட்டங்களை முடித்துக் காட்டல் வேண்டும். இவற்றுக்குப் 'பிரெவே' என்று பெயர். இவை நம் நாட்டிலும் நடைபெறுகின்றன. முறையே 13 1/2 மணி, 20 மணி, 27 மணி, 40 மணி என்பன இவற்றுக்குரிய கால எல்லை. பிரெஸ்ட் சென்று மீள்தற்குப் பெரும எல்லை 90 மணி. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை தரப்படும். வழியிலுள்ள சாவடிகளில் உரிய நேரத்துக்குள் அதில் முத்திரை பெறல் வேண்டும். சாவடிகளிலன்றி இடைவழியில் வேறு வண்டியின் உதவி கொள்ளலாகாது. இரவில் விளக்கும், ஒளி காட்டும் மேலங்கியும் இன்றியமையாதன. முடித்தோர் பெயர்களை வரிசைப்படுத்துங்கால், முந்தியோர் பிந்தியோர் என்னும் வேற்றுமை பாராட்டுவதில்லை. கடிகாரம் ஒன்றே எதிரி. அவ்வெதிரிக்கோ இரக்கம் இல்லை.

இவ்வோட்டத்தில் வலிமையினும் சிக்கனமே பெரிது. சைக்கிளோட்டியின் ஆற்றலைப் பெரும்பாலும் உண்டுவிடுவது காற்று. காற்றில்லாத நாளில் வேகத்தை இரட்டித்தால், காற்றின் தடை நான்கு மடங்காகும். அத்தடையை வெல்ல வேண்டும் ஆற்றலோ எட்டு மடங்காகும். எதிர்காற்று வீசுமாயின் சொல்லவேண்டுவதில்லை. ஆனால் ஒருவர் முன்செல்ல, மற்றவர் அவரையொட்டிப் பின்செல்வாராயின், பின்செல்வார்க்குத் தடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். இனி உணவைக் கருதுவோம். நம் தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்பட்டுள்ள கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து அரைக் கிலோ அளவினதே. சில மணி நேர உழைப்பில் அது வற்றிவிடும். வற்றியபோது கை நடுங்கும், கண் இருளும், கால் மிதிக்க மறுக்கும். ஆகவே பசி தோன்றுமுன்னரே, மணிதோறும் 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தோ சர்க்கரையோ உட்கொள்ளல் வேண்டும். பசித்துப் புசி என்னும் மூதுரை வீட்டிற்கு உரியது, நெடுவழிக்கு உரியதன்று.

இவையெல்லாம் யாம் முன்னரே படித்திருந்தோம். படித்திருந்தும் தவறினோம் என்பதைச் சொல்லுதல் கடமையாகின்றது.

யாம் மூவர், திருச்சிராப்பள்ளியினின்றும் தஞ்சை வழியாகக் குடந்தை சென்று மீளும் 200 கிலோமீட்டர் ஓட்டத்திற் பெயர் கொடுத்தோம். காலை 6 மணிக்குப் புறப்பட்டோம். இரவு 7 1/2 மணி எல்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். எம் வண்டிகள் பறந்ததில் வியப்பில்லை. திருவெறும்பூர், செங்கிப்பட்டி, வல்லம், பாபநாசம் எல்லாம் விரைவிற் கடந்து, முற்பகல் 10-40 மணிக்கே குடந்தையிற் முத்திரை பெற்றோம். இவ்வேகம் எம் கால்வலிமையே என்று கருதிவிட்டோம். அது மேல்காற்றுக் கொடுத்த கடன் என்பது திரும்பியபோதுதான் விளங்கிற்று. தஞ்சையை அடைய நாற்பது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் சென்றது. இழந்த நேரத்தை மீட்கும் ஆர்வத்தால், எம்முள் ஒருவர் குடந்தையிலும் உண்ணவில்லை, தஞ்சையிலும் உண்ணவில்லை.

செங்கிப்பட்டிக்கு அருகில், மாலை 4-45 மணிக்கு, அவர் வண்டியினின்றும் இறங்கிப் புளியமரத்தடியில் அமர்ந்துவிட்டார். கை நடுங்கிற்று, முகம் வெளுத்தது. இன்னும் 35 கிலோமீட்டர் இருந்தது. "நீங்கள் இருவரும் போய்விடுங்கள், என்பொருட்டு நில்லாதீர்கள்," என்றார். அமைப்பாளர்க்குத் தொலைபேசியில் அறிவித்து அவர் விலகியிருக்கலாம், அதற்கும் உடன்பட்டிலர். யாம் இருவரும் அப்பொழுது சென்றிருப்போமாயின், உரிய நேரத்துக்குள் சேர்ந்திருப்போம். தெர்ரோன் சென்றார், யாம் செல்லவில்லை. அது பெருந்தன்மையாற் செய்ததன்று. பொழுது சாயும் வேளையில், லாரிகள் விரையும் அச்சாலையில், அவரைத் தனியே விட்டு வர எமக்கு மனம் துணியவில்லை, அவ்வளவே. அருகிலிருந்த கடையிற் சர்க்கரை மிகுத்த தேநீரும், வாழைப்பழமும், கடலைமிட்டாயும் வாங்கிக் கொடுத்தோம். ஐம்பது நிமிடத்தில் அவர் எழுந்தார். அதன் பின்னர் எம்முள் இருவர் மாறி மாறி முன்சென்று காற்றைத் தாங்க, அவர் பின்தொடர்ந்தார். திருச்சியை அடைந்தபோது 7 மணி 41 நிமிடம். பதினொரு நிமிடம் பிந்தினோம். மூவர் அட்டையும் செல்லாதனவாயின.

மறுநாட் காலை அத்தோழர் எம் விடுதி அறைக்கு வந்து, "நீங்கள் போயிருக்கவேண்டும். என் தோல்வியை யான் பொறுப்பேன், உங்கள் தோல்வியையும் யான் சுமக்கும்படி செய்துவிட்டீர்கள்," என்றார். இதற்கு எம்மிடம் விடை இல்லை. அவர் கூற்றில் நியாயம் உண்டு. ஆயினும் மீண்டும் அப்புளியமரத்தடியில் நிற்க நேரின், யாம் வேறு செய்வோம் என்றும் தோன்றவில்லை. ஓடுவோர் எத்துணையர் ஆயினும் அவரவர் வழியை அவரவர் காலே கடத்தல் வேண்டும். ஒருவர்க்காக மற்றொருவர் மிதித்தல் இயலாது. முன்னின்று காற்றைத் தாங்குதல் மட்டும் இயலும். அவ்வுதவிக்கும் ஒரு விலை உண்டு என்பதை அன்று கற்றோம்.

மாணவ நண்பர்காள்! இவ்வோட்டத்துக்கு விலையுயர்ந்த வண்டி வேண்டுவதில்லை. பழுதற்ற சைக்கிளும், சில திங்கள் பயிற்சியும், மணிதோறும் உண்ணும் கட்டுப்பாடும் போதும். வரும் மார்கழியில் அவ்வழியே மீண்டும் செல்ல எண்ணியுள்ளோம். அப்பொழுது வாடை போகும்போது எதிர்த்து, மீளும்போது துணை நிற்கும். எம் மூவருள் முதலிற் பெயர் கொடுத்தவர் அத்தோழரே. அவர் பையில் இப்பொழுதே கடலைமிட்டாய் நிறைந்திருக்கின்றது.