மடலுக்கு உயிர் தரும் இரண்டு நாளங்கள்

வாய்ப்புற்றுநோய்க்காகத் தாடை எலும்பின் ஒரு துண்டையும் கன்னத்தின் உட்புறத்தையும் அகற்றிய பிறகு, அந்த இடத்தை இழுத்துத் தைத்து மூடிவிட முடியாது. மூடினால் வாய் திறக்காது, எச்சில் ஒழுகும், சோறு விழுங்குவதே பெரும்பாடாகும். ஆகவே உடலின் வேறு பகுதியிலிருந்து தோல், தசை, தேவைப்பட்டால் எலும்பும் எடுத்து அங்கே பொருத்துகிறார்கள். மருத்துவர்கள் ‘ஃப்ளாப்’ என்பார்கள்; திசு மடல்.

தீக்காயத்தின் மேல் ஒட்டும் மெல்லிய தோல், ஒட்டிய இடத்திலிருந்தே ஊட்டம் பெற்றுப் பிழைத்துக்கொள்ளும். மடல் தடிமனானது. இரத்தத்தைக் கொண்டுவரத் தமனியும் வெளியேற்றச் சிரையும் இல்லாவிட்டால் அழுகிவிடும்.

அறுக்காமல் விட்ட காம்பு

கவாஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரர் ஆங்கிலேயப் படையில் வேலை பார்த்தவர். திப்பு சுல்தான் படையிடம் சிக்கி மூக்கை இழந்தார். புனேயில் அவருடைய நெற்றித் தோலைத் திருப்பி வைத்துப் புது மூக்கு அமைத்த செய்தி, 1794-இல் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் படத்துடன் வெளிவந்தது. சூட்சுமம் புருவங்களுக்கு நடுவே இருந்தது: அங்கே தோலை முழுவதும் அறுக்காமல் ஒரு காம்பு விட்டிருந்தார்கள். அதன் வழியே ஓடிய இரத்தம்தான் மூக்கைக் காப்பாற்றியது. இன்றும் நெற்றி மடலின் காம்பைச் சுமார் மூன்று வாரம் கழித்தே வெட்டுகிறார்கள்.

1979-இல் ஸ்டீபன் ஆரியன் விவரித்த மார்புத் தசை மடலும் இதே வழிதான். தோள்பட்டைப் பக்கத்திலிருந்து வரும் நாளத்தோடு தசையைக் கழுத்துத் தோலுக்கு அடியில் நுழைத்து வாய்க்குக் கொண்டுவருவார்கள். நுண்ணோக்கி தேவையில்லை. பழைய முறை என்று இதை ஒதுக்குவது சரியல்ல. கூட்டம் நெரியும் மருத்துவமனைகளில் இன்றும் கைகொடுப்பது இதுதான்.

கால் எலும்பு தாடையாகும்போது

காம்பு எட்டாத இடங்களுக்கு மடலை முழுவதும் துண்டித்து, அதன் நாளங்களைக் கழுத்து நாளங்களோடு இணைக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே வெளிப்புறம் இருக்கும் ஃபிபுலா எலும்பைக் கொண்டு தாடை அமைத்ததை, 1989-இல் டேவிட் ஹிடால்கோ வெளியிட்டார். சில மில்லிமீட்டர் குறுக்களவே உள்ள நாளங்களை, தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால், நுண்ணோக்கியில் பார்த்துத் தைக்கிறார்கள்.

எடுப்பதற்கு முன் காலின் இரத்த ஓட்டத்தைச் சோதிப்பார்கள். சிலருக்கு அந்த எலும்போடு ஓடும் தமனிதான் பாதத்துக்கே பிரதானம். அவர்களிடம் அதைத் தொட முடியாது.

சிரைதான் முதலில் சறுக்கும்

பிரச்சினை பெரும்பாலும் இரத்தம் வராததால் அல்ல, வந்தது திரும்பிப் போகாததால்தான். சிரையின் சுவர் மெல்லியது. சற்று முறுக்கினாலோ அழுத்தினாலோ அடைபடும். மடல் வெளிறிக் குளிர்ந்தால் தமனியில் கோளாறு. நீலம் பாரித்து வீங்கி, ஊசியால் குத்தியதும் கருஞ்சிவப்பாக விரைந்து கசிந்தால் சிரையில் அடைப்பு. அதனால்தான் முதல் இரண்டு நாள், நள்ளிரவிலும் செவிலியர் மணிக்கொருமுறை டார்ச் அடித்து வாய்க்குள் பார்க்கிறார். உறவினர்கள் இதற்காக அவரிடம் சலித்துக்கொள்ளக் கூடாது. சில மணி நேரத்துக்குள் மறுபடி திறந்து அடைப்பை நீக்கினால் பல மடல்கள் பிழைத்துவிடும். தேங்கிய இரத்தத்தை உறிஞ்ச மருத்துவ அட்டைகளை விடுவதும் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் அதற்கு அனுமதி அளித்தது.

நோயாளிக்குச் சில வார்த்தைகள்

பீடி, சிகரெட் மட்டுமல்ல, மெல்லும் புகையிலையிலும் நிகோடின் இருக்கிறது. அது நாளங்களைச் சுருக்கும். நோய் தெரிந்த அன்றே நிறுத்திவிடுங்கள். அறுவைக்குப் பின் கழுத்தைச் சுற்றி இறுக்கமாக எதையும் கட்டவிடாதீர்கள். முன்கையிலிருந்து மடல் எடுப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால், அந்தக் கையில் இரத்தம் எடுக்கவோ டிரிப்ஸ் ஏற்றவோ வருபவரிடம் அப்போதே சொல்லி, மறு கையை நீட்டுங்கள்.